‘எண்ணூர் மாசு’ வெறும் தலைப்புதான். உங்க வாதம் எங்கே?

“எண்ணூரில் மாசு அதிகம்” என்று ஆய்வுக் கட்டுரையை ஆரம்பித்தால் யாரும் மறுக்கப்போவதில்லை. அப்புறம் எதற்கு வாதம்?

2023 டிசம்பரை எடுத்துக்கோங்க. மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. குழாயில் கசிவு இல்லை என்றது மணலி சிபிசிஎல். அந்த ஆலை வளாகத்தில் மழைநீர் மேலாண்மை போதவில்லை என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். உங்க வாதம் அங்கேதான் பிறக்கிறது: ‘குழாய் உடையாவிட்டாலும், வளாகத்தைத் தாண்டி வரும் நீருக்கு ஆலையே பொறுப்பு.’

இதற்கு வாரிய உத்தரவு, பசுமைத் தீர்ப்பாய ஆவணங்கள், மீனவர்களின் இழப்புக் கணக்கு எனத் தேடுங்க. ‘எதிர்பாராத பெருமழை’ என்ற எதிர்வாதத்தையும் மறைக்காமல் எழுதி, பதில் சொல்லுங்க.

கோபம் நியாயம்தான். ஆனா, தீர்ப்பாயத்தில் எடுபடுவது ஆதாரம். அந்தப் பழக்கத்தைக் கல்லூரியிலேயே ஆரம்பிக்கலாமே.