லாரி கேபினுக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

லாரி கேபின் கூரையில் இருக்கும் விளக்கின் மூடியைக் கழற்றினால், இரண்டு முனையிலும் உலோகத் தொப்பி வைத்து, ஃபியூஸ் மாதிரி ஒரு சின்ன பல்பு இருக்கும். ஐந்து வாட்ஸ் அல்லது பத்து வாட்ஸ். அதைப் பிடுங்கிவிட்டு எல்.இ.டி. பல்பைச் செருகுவது ஐந்து நிமிட வேலை. எரியாவிட்டால் திருப்பிப் போட வேண்டும், எல்.இ.டி.க்கு பாசிட்டிவ், நெகட்டிவ் பேதம் உண்டு. இவ்வளவு சின்ன காரியத்தில் தவறு செய்ய என்ன இருக்கிறது என்று தோன்றும். மாற்றுவதில் தவறில்லை, மாற்றும்போது எதைத் தேடுகிறோம் என்பதில்தான் தவறு. பளிச்சென்ற வெளிச்சத்தைத் தேடுகிறோம். ஓடுகிற லாரிக்குள் தேவைப்படுவதோ அடங்கிய வெளிச்சம்.

பேட்டரி மிச்சமாகும் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் முதல் காரணம். கணக்குப் போட்டால் அது பெரிய லாபமில்லை. கனரக லாரிகளில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். அதில் 10 வாட்ஸ் பல்பு இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. எட்டு மணி நேரம் அணைக்க மறந்தாலும் செலவாவது மூன்றரை ஆம்பியர் அவருக்குள்தான். நூறு ஆம்பியர் அவருக்கு மேல் கொள்ளும் நல்ல பேட்டரி, இதற்காகக் காலையில் செல்ஃப் எடுக்காமல் படுத்துவிடாது. மாற்றுவதற்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு. குழியிலும் வேகத்தடையிலும் குலுங்கும் வண்டியில் டங்ஸ்டன் இழை அறுந்துபோகும்; எல்.இ.டி.யில் அறுவதற்கு இழையே கிடையாது. குண்டு பல்பு வாங்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாகவே போகிறது. விளக்கின் பிளாஸ்டிக் மூடி மஞ்சளாகி விரிசல் விடுவதில் அந்தச் சூட்டுக்கும் பங்குண்டு.

தவறு தொடங்குவது வாட்ஸ் கணக்கில். வெளிச்சத்தை வாட்ஸில் அளந்தே பழகிவிட்டோம். 10 வாட்ஸ் குண்டு பல்பு தருவது ஏறத்தாழ 100 லூமன். அதே வெளிச்சத்தைத் தர எல்.இ.டி.க்கு ஒன்று, ஒன்றரை வாட்ஸ் போதும். ஆனால் பத்தைக் கழற்றிய கை கடையில் பத்தையே கேட்டால், கேபினுக்குள் பல மடங்கு வெளிச்சம் வந்து கொட்டும். அது போதாதென்று கூரை ஓரமாக ஸ்டிரிப் லைட், சாமி படத்தைச் சுற்றி நிறம் மாறும் சீரியல் லைட். உள்ளே வெளிச்சமும் வெளியே இருட்டுமாக இருந்தால் முன்கண்ணாடி பாதி முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். சாதாரணக் கண்ணாடி தன்மேல் நேராக விழும் ஒளியில் சுமார் 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. பகலில் தெரியாத அந்த 8 சதவீதம், இரவில் டேஷ்போர்டில் விரித்த துண்டையும் ஸ்டியரிங்கையும் சாலையின் மேலேயே படமாகப் போடும். பின்விளக்கு இல்லாமல் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர், அந்தப் படத்துக்குப் பின்னால் மறைந்திருக்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் லாரி ஒரே விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறது.

அளவைப் போலவே நிறமும் முக்கியம். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். பளிச்சென்ற ஒளி அதைச் சில விநாடிகளில் கலைத்துவிடும். எதிரே வரும் ஹெட்லைட்டும் கலைக்கத்தானே செய்கிறது என்றால், ஆமாம். அது டிரைவரின் கையில் இல்லை, கேபின் விளக்கு இருக்கிறது. இருட்டில் நமக்குப் பார்வை தரும் விழித்திரைச் செல்கள் அதிகம் உணர்வது 500 நானோமீட்டரை ஒட்டிய நீலப்பச்சை ஒளியை. சிவப்பை மிகக் குறைவாகவே உணரும். கப்பலை ஓட்டும் அறையில் இரவில் சிவப்பு விளக்கு வைக்கும் வழக்கம் இதனால் வந்தது. கடையில் கிடைக்கும் வெள்ளை எல்.இ.டி.யோ, நீல ஒளி உமிழும் சில்லின்மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. அந்த நீல எல்.இ.டி.யை உருவாக்கியதற்காகத்தான் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. 6500 கெல்வின் என்று அச்சிட்ட ‘கூல் ஒயிட்’ பல்பில் நீலம் தூக்கலாக இருக்கும். 2700, 3000 கெல்வின் ‘வார்ம் ஒயிட்’டில் குறைவு. பழைய குண்டு பல்பின் நிறமும் இதை ஒட்டியதுதான்.

நீலம் கலந்த வெள்ளை தூக்கத்தை விரட்டுமே, இரவில் ஓட்டுபவருக்கு அது நல்லதுதானே என்று கேட்கலாம். பாதி உண்மை. 480 நானோமீட்டரை ஒட்டிய ஒளி மெலட்டோனின் சுரப்பைக் குறைக்கும், விழிப்பைக் கூட்டும். ஆனால் கண் விழித்திருந்தால் மட்டும் சாலை தெரிந்துவிடாது. அதோடு, டிரைவருக்கு அந்தக் கேபினே படுக்கையறை. டோல்கேட் தாண்டி ஓரங்கட்டி இரண்டு மணி நேரம் கண்ணயர நினைப்பவரை அந்த ஒளி உறங்கவிடாது. களைப்புக்கு மருந்து உறக்கம்தான். அதற்கு நேரம் தராத முதலாளி, நல்ல பல்பு வாங்கிக் கொடுத்துப் பயனில்லை.

இ-வே பில் பார்க்க, ஃபியூஸ் மாற்ற, கீழே விழுந்த சாவியைத் தேட வெளிச்சம் வேண்டாமா என்பது நியாயமான கேள்வி. அதற்கு ஒரு பக்கமாக மட்டும் விழும் தனி விளக்கும் தனி சுவிட்சும் போதும். கேபின் முழுதும் பகலாக வேண்டியதில்லை. அலங்கார விளக்கையும் குறை சொல்வதற்கில்லை. நாள்கணக்கில் அதிலேயே வாழ்பவர் தன் இடத்தை அழகாக வைத்துக்கொள்ளட்டும். சாவி போட்டதும் அவை தானாக அணையும்படி ஒரு ரிலே வைப்பது எலெக்ட்ரீஷியனுக்குச் சிறிய வேலை.

சட்டம் இதில் பெரும்பாலும் ஒதுங்கியே நிற்கிறது. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 108-வது விதி, வண்டியின் முன்பக்கம் சிவப்பு ஒளி தெரியக் கூடாது என்கிறது. உள்விளக்குக்கு விலக்கு அளிக்கிறது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயமாகியிருக்கிறது. டிரைவரின் உடம்புச் சூட்டுக்கு விதி வந்துவிட்டது. அவர் கண்ணுக்கு எதிரே எரியும் விளக்கு இன்னும் உரிமையாளர், பட்டறை, கடைக்காரர் மூவரின் விருப்பத்தில்தான் இருக்கிறது. அவர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. வண்டி ஓடும்போது 28 வோல்ட்டைத் தாங்கும் 24 வோல்ட் பல்பு, ஒன்றிரண்டு வாட்ஸ், மஞ்சள் சாயல். மாட்டிய பிறகு பகலில் சுவிட்சைப் போட்டுப் பார்த்துத் திருப்திப்படாமல், இரவில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். முன்கண்ணாடியில் உங்கள் முகம் தெரிந்தால், அந்த பல்பு அந்த வண்டிக்கு வேண்டாம்.