பரீட்சையைத் தள்ளிப் போடலாமா?

டாக்டர் ஆக வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகள் நமது நாட்டில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள்.

அவர்கள் எல்லோரும் ஒரு பரீட்சை எழுத வேண்டும். அதற்குப் பெயர் "நீட்".

பரீட்சை நெருங்கும். பாடம் முடிந்திருக்காது. அப்போது பல வீடுகளில் ஒரு பேச்சு எழும்.

"இந்த ஆண்டு எழுத வேண்டாம். அடுத்த ஆண்டு நன்றாகப் படித்து எழுதிக்கொள்ளலாம்."

அப்பா ஒன்று சொல்லுவார். அம்மா வேறு ஒன்று சொல்லுவார். ஊரில் இருந்து வந்த மாமா மூன்றாவதாக ஒன்று சொல்லுவார். பரீட்சை எழுத வேண்டிய பிள்ளையோ வாயைத் திறக்காது!

தள்ளிப் போடுவது சரியா? தவறா? முடிவு செய்வதற்கு முன் சில விவரங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

அமெரிக்காவில் எப்படி?

அமெரிக்காவிலும் மருத்துவக் கல்லூரிக்கு நுழைவுப் பரீட்சை உண்டு. அதை "எம்-கேட்" என்று அழைக்கிறார்கள். இடைவேளைகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 7½ மணி நேரம் நடக்கும் பரீட்சை அது!

அங்கே அந்தப் பரீட்சை ஆண்டில் பல நாட்களில் நடக்கிறது. மாணவன் தனக்கு வசதியான தேதியைத் தேர்ந்தெடுக்கலாம். படிப்பு முடியவில்லையா? பரீட்சைக்குப் பத்து நாட்களுக்கு முன்புவரை தேதியை மாற்றிக்கொள்ளலாம். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

ஆனால், அங்கே ஒரு கண்டிப்பும் இருக்கிறது. ஓர் ஆண்டில் 3 முறைதான் எழுதலாம். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் 4 முறை. ஆயுள் முழுவதும் சேர்த்து 7 முறை! அதற்கு மேல் கிடையாது.

மார்க்கு குறைந்தாலும் அது அழியாது. பிறகு விண்ணப்பம் போடும்போது, கல்லூரிக்காரர்கள் பழைய மார்க்கையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

ஆகவே, அங்கே தயார் இல்லாதவன் தேதியை மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம். அவனுக்கு ஒரு வாய்ப்பு மிச்சம். கெட்ட மார்க்கும் ஏட்டில் ஏறாது.

இங்கே எப்படி?

நமது நாட்டில் கதை வேறு.

"நீட்" பரீட்சை ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கிறது. தனி ஒருவருக்காகத் தேதியை மாற்ற மாட்டார்கள். 2020-ம் ஆண்டில் கொரோனா நோய் பரவியது. மே மாதம் 3-ந் தேதி நடக்க வேண்டிய பரீட்சை செப்டம்பர் 13-ந் தேதிக்குத் தள்ளிப் போயிற்று. அது எல்லோருக்கும் சேர்த்துத் தள்ளிப் போனது.

எனவே, இங்கே "தள்ளிப் போடுவது" என்றால் முழுதாக ஓர் ஆண்டைத் தள்ளிப் போடுவது என்று பொருள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. "நீட்" பரீட்சையை இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு இல்லை. வயதுக்கு இருந்த மேல் வரம்பையும் 2022-ம் ஆண்டில் நீக்கிவிட்டார்கள்.

இந்த ஆண்டு வாங்கிய மார்க்கு அடுத்த ஆண்டுச் சேர்க்கையில் கணக்குக்கு வராது. குறைந்த மார்க்கு வாங்கினோமே என்று யாரும் பின்னால் வந்து கேட்கப் போவது இல்லை.

அப்படியானால் எழுதாமல் இருப்பதில் என்ன லாபம்? அமெரிக்கப் பிள்ளைக்குக் கிடைக்கும் லாபத்தில் ஒன்றுகூட இங்கே கிடைக்காது.

வாய்ப்பு மிச்சம் ஆகாது. ஏனென்றால் வாய்ப்புக்குக் கணக்கே இல்லை. மார்க்கையும் மறைக்க வேண்டியது இல்லை. கட்டிய பணம் மட்டும் போகும். 2025-ம் ஆண்டில் பொதுப் பிரிவினர் கட்டிய கட்டணம் 1,700 ரூபாய்!

அக்கரைக்காரனைப் பார்த்து இக்கரைக்காரன் ஆற்றில் இறங்கக் கூடாது.

தயார் இல்லை என்றால் என்ன?

"நான் தயார் இல்லை" என்று பிள்ளை சொல்லுகிறது. இதற்கு மூன்று பொருள் இருக்கலாம்.

ஒன்று: பாடம் உண்மையாகவே முடியவில்லை.

இரண்டு: பாடம் தெரியும், வேகம் போதவில்லை.

மூன்று: பாடமும் தெரியும், வேகமும் உண்டு, பயம் பிடித்துக்கொண்டது.

இது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வழி சுலபம். செலவும் இல்லை.

பழைய கேள்வித்தாள் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். 2025-ம் ஆண்டுப் பரீட்சை பகல் 2 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்தில் பிள்ளை வீட்டில் உட்கார்ந்து எழுதட்டும். அந்த மூன்று மணி நேரமும் வீட்டில் டெலிவிஷன் வேண்டாம். கடைக்குப் போய் வரச் சொல்லவும் வேண்டாம்.

அந்தப் பரீட்சையில் 180 கேள்விகள். நேரம் 180 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்தான்! பௌதிகத்தில் 45 கேள்விகள். ரசாயனத்தில் 45. தாவரம், விலங்கு இரண்டும் சேர்ந்த உயிரியலில் மட்டும் 90.

எழுதி முடித்ததும் தவறிய கேள்விகளை மூன்று பங்காகப் பிரிக்க வேண்டும். தெரியாமல் விட்டவை ஒரு பங்கு. நேரம் இல்லாமல் விட்டவை ஒரு பங்கு. தெரிந்தும் தப்பாக எழுதியவை ஒரு பங்கு. எந்தப் பங்கு பெரிதோ, அதுதான் நோய்.

வேகம் போதவில்லை என்றால் ஓர் ஆண்டு காத்திருக்கத் தேவை இல்லை. கடிகாரத்தை வைத்துக்கொண்டு தினமும் பழகினால் வேகம் வரும்.

பயம்தான் நோய் என்றால், தள்ளிப் போடுவது மருந்து ஆகாது. நீச்சலுக்குப் பயந்தவன் கரையிலேயே ஓர் ஆண்டு உட்கார்ந்து இருந்தால் பயம் போகுமா? அடுத்த ஆண்டு அது இரண்டு மடங்கு ஆகும்.

பாடமே முடியவில்லை என்றால் மட்டும்தான் இன்னும் ஓர் ஆண்டைப் பற்றி யோசிக்க வேண்டும். அதற்கும் இந்த ஆண்டுப் பரீட்சையை விட்டுவிட வேண்டியது இல்லை.

பாதிப் பாடம் படித்தவன் கணக்கு

சரியான விடைக்கு 4 மார்க்கு. தவறான விடைக்கு ஒரு மார்க்கு கழியும். மொத்தம் 720.

ஒரு மாணவனுக்குப் பாதிக்குச் சற்று மேல்தான் பாடம் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கேள்விகளுக்கு மட்டும் விடை எழுதுகிறான். 80 சரி, 20 தப்பு. சரியான விடைக்கு 320 மார்க்கு. அதில் 20 கழிந்தால் 300.

2025-ம் ஆண்டில் பொதுப் பிரிவினருக்குத் தகுதி மார்க்கு 144. பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 113.

தகுதி பெற்றுவிட்டால் டாக்டர் இடம் கிடைத்துவிடுமா? கிடைக்காது. அந்த ஆண்டில் சுமார் 22 லட்சம் பேர் எழுதினார்கள். தகுதி பெற்றவர்கள் 12 லட்சத்துக்கு மேல். எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்துக்குச் சற்று மேல்தான். இதை மறைத்துப் பேசக் கூடாது.

ஆனால், இந்த மார்க்கை வைத்துத்தான் பல் மருத்துவத்துக்கும் ஆள் எடுக்கிறார்கள். சித்த மருத்துவம், ஆயுர்வேதம், ஓமியோபதி ஆகிய பட்டப்படிப்புகளுக்கும் இதுதான் வழி. பரீட்சைக்கே போகாதவனுக்கு அந்தக் கதவுகளும் மூடிப் போகும்.

"அடுத்த ஆண்டு கேள்வித்தாள் சுலபமாக வரும்" என்று சிலர் ஆசை காட்டுவார்கள். அது யார் கையிலும் இல்லை. 2024-ம் ஆண்டில் 720-க்கு 720 வாங்கியவர்கள் இருந்தார்கள். மறு ஆண்டு முதல் இடம் பெற்ற மாணவனுக்கே 686 மார்க்குதான் வந்தது!

மனம் உடைந்துவிடாதா?

"தயார் இல்லாத பிள்ளையை அனுப்பி, மார்க்கு குறைந்து, மனம் உடைந்துவிட்டால்?" என்று கேட்கும் தாய்மார்கள் உண்டு.

நியாயமான கேள்வி. பொய்யான பயம் அல்ல. இந்தப் பரீட்சையினால் மனம் உடைந்து உயிரையே விட்ட பிள்ளைகள் தமிழ்நாட்டில் இருந்திருக்கிறார்கள். இந்தப் பரீட்சையே வேண்டாம் என்று தமிழ்நாட்டுச் சட்டசபை 2017-ம் ஆண்டிலும் 2021-ம் ஆண்டிலும் மசோதா நிறைவேற்றியது. அந்த விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். இன்று பரீட்சைக்குப் போக வேண்டிய பிள்ளைக்கு இன்றே வழி சொல்ல வேண்டும் அல்லவா?

பிள்ளையின் மனத்தை உடைப்பது கேள்வித்தாள் மட்டுமா? வீட்டில் விழும் சொல்லும்தான்!

"சும்மா எழுதிப் பார், கண்ணு" என்று சொல்லி அனுப்புகிறார்கள். மார்க்கு வந்ததும், "பக்கத்து வீட்டுப் பெண் எத்தனை வாங்கியிருக்கிறாள், பார்!" என்கிறார்கள். இப்படிச் சொல்லும் வீடாக இருந்தால், பரீட்சைக்கு அனுப்பாமல் இருப்பதே மேல்.

ஆகவே, பரீட்சைக்கு முன்பே பெற்றோர்கள் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும். "எத்தனை மார்க்கு வந்தாலும் திட்ட மாட்டோம். யாரோடும் ஒப்பிட மாட்டோம். உறவினர்கள் கேட்டால் நாங்கள் பதில் சொல்லிக்கொள்கிறோம்." இந்த வாக்கைக் கொடுத்து, அதைக் காப்பாற்றவும் வேண்டும்.

பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், பேசாமல் இருந்தால் அலட்சியம் கூடாது. தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணுக்கும், நாடு முழுவதும் 14416 என்ற எண்ணுக்கும் டெலிபோன் செய்து ஆலோசனை கேட்கலாம். அந்த நிலையில் உள்ள பிள்ளையைப் பரீட்சைக்குப் போ என்று கட்டாயப்படுத்தக் கூடாது. கடுமையான காய்ச்சலில் கிடப்பவனை அனுப்புவோமா? அதைப் போலத்தான் இதுவும்.

இன்னும் ஓர் ஆண்டு எப்போது?

பரீட்சை முடிந்து மார்க்கும் வந்த பிறகு, இன்னும் ஓர் ஆண்டு படிப்பதா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசலாம். அப்போது கையில் கணக்கு இருக்கும். பரீட்சைக்கு முன்னால் பேசினால் வெறும் பயம்தான் பேசும்.

அப்போது நான்கு கேள்விகளுக்கு விடை வேண்டும்.

முதலாவது, ஆசை யாருடையது? பிள்ளைக்கே டாக்டர் ஆக விருப்பம் இருக்கிறதா? அப்பாவின் விருப்பத்துக்காக ஓர் ஆண்டைக் கொடுக்கச் சொல்லக் கூடாது.

இரண்டாவது, என்ன மாறப் போகிறது? "நன்றாகப் படிப்பேன்" என்பது போதாது. எந்தப் பாடம், எந்த மாதம், யாரிடம் என்று காகிதத்தில் எழுத வேண்டும். சென்ற ஆண்டு படித்தது போலவே படித்தால், சென்ற ஆண்டு வந்த மார்க்கே வரும்.

மூன்றாவது, பணம் எங்கே இருந்து வரும்? தாயின் தாலிக்கொடியை அடகு வைத்து டியூஷன் படிக்க வேண்டாம். நிலத்தை விற்கவும் வேண்டாம். அந்தப் பாரம் பிள்ளையின் தலையில்தான் ஏறும். பரீட்சை மண்டபத்தில் அது பௌதிகத்தை நினைக்காது, நிலத்தைத்தான் நினைக்கும்.

நான்காவது, கிடைக்காவிட்டால் என்ன? இதற்கு முன்கூட்டியே விடை வேண்டும். தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவப் படிப்பின் மாநில இடங்களைப் பிளஸ்-2 மார்க்கை வைத்தே நிரப்புகிறார்கள். விவசாயப் பட்டப்படிப்புக்கும் பிளஸ்-2 மார்க்குதான். ஆகவே, "நீட்" பரீட்சைக்காகப் பிளஸ்-2 பாடத்தைக் கைவிடுவது பெரிய தவறு. இருக்கிற ஏணியை உதைத்துவிட்டு இல்லாத ஏணிக்கு ஆசைப்படக் கூடாது.

அரசாங்கப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. 6-ம் வகுப்பில் இருந்து 12-ம் வகுப்பு வரை அங்கே படித்தவர்களுக்கு 7½ சதவிகித இடங்களைத் தமிழ்நாடு அரசாங்கம் 2020-ம் ஆண்டில் சட்டம் போட்டு ஒதுக்கியது. மறுமுறை எழுதுகிறவர்களுக்கும் அது உண்டு. சலுகை போய்விடுமே என்ற பயம் வேண்டாம்.

நான்கு கேள்விகளுக்கும் தெளிவான விடை கிடைத்தால் இன்னும் ஓர் ஆண்டு கொடுக்கலாம். ஓர் ஆண்டு என்று முன்பே சொல்லியும் விட வேண்டும். ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகி வாலிபம் முழுவதும் ஒரே பரீட்சையில் போய்விடக் கூடாது.

முடிவு என்ன?

உடம்பும் மனமும் நன்றாக இருக்கும் பிள்ளை பரீட்சையை எழுதட்டும். பாதிதான் தயார் என்றாலும் எழுதட்டும். வீட்டில் நூறு நாள் யோசித்தாலும் தெரியாதது, அந்த மூன்று மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

தள்ளிப் போட வேண்டியது பரீட்சையை அல்ல. "இவன் இதற்கு லாயக்கு இல்லை" என்று பெரியவர்கள் முன்கூட்டியே எழுதும் தீர்ப்பைத்தான்!