சினையை விலக்கிய அறிவியல்

அந்தமானில் மழை ஓய்ந்த மாதங்களில் காய்ச்சலோடு வருபவரைக் காணும் மருத்துவர், மின்னி பேயில் இருந்தாலும் திக்லிப்பூரில் இருந்தாலும், எலிக்காய்ச்சலை நினைக்காமல் இருக்க முடியாது. வந்தவர் கருவுற்ற பெண்ணாக இருந்தால் தாய்க்கான மருத்துவம் தெரிந்ததே: பென்சிலின் உண்டு, செஃப்ட்ரியாக்சோன் உண்டு. ஆனால் தொற்று நஞ்சுக்கொடியைக் கடந்துவிட்டதா, எத்தனை நாட்களுக்குள் மருந்து தொடங்கினால் கரு தப்பும் என்ற கேள்விகளுக்கு, சிதறிக் கிடக்கும் தனிநோயாளிக் குறிப்புகளைத் தவிர அவர் கைக்கொள்ளத் தக்கது மிகக் குறைவு. இவ்வெறுமை தற்செயலாக நேர்ந்ததன்று. ஆய்வுலகம் தானே தேர்ந்துகொண்டது.

இத்தீவுகளுக்கு நோய் புதிதன்று. டெய்லரும் கோயலும் அந்தமானின் லெப்டோஸ்பைரா தொற்றைப் பற்றி 1931இலேயே நூலாக எழுதினர். பின்னர் அது மறக்கப்பட்டது. 1980களின் இறுதியில் வட அந்தமானில் நுரையீரலில் குருதி கசியும் காய்ச்சல் பரவியபோது, அதற்கு ‘அந்தமான் குருதிப்போக்குக் காய்ச்சல்’ என்று தனிப்பெயர் சூட்டப்பட்டது. 1993ஆம் ஆண்டின் பரவலை ஆராய்ந்த பிறகே அது பழைய பகைதான் என்று தெளிந்தது. போர்ட் பிளேரின் மண்டல மருத்துவ ஆராய்ச்சி மையத்தினர், வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் அளித்து நடத்திய சோதனையின் முடிவை 2000இல் வெளியிட்டனர். தொற்று குறையவில்லை; ஆனால் நோயாக வெளிப்படுவது 6.82 விழுக்காட்டிலிருந்து 3.11 ஆகக் குறைந்தது. அரிய பணி அது. எனினும் டாக்சிசைக்ளின் கருவுற்றோருக்குப் பொதுவாக அளிக்கப்படாத மருந்து. சேற்று வயலில் நிற்கும் கர்ப்பிணிக்கு அக்கேடயம் இல்லை.

அவளுக்கு வேறு கேடயம் தேட வேண்டிய இடம் ஆய்வகம். அங்கே நடப்பது என்ன? எலிக்காய்ச்சல் ஆய்வின் வழக்கமான விலங்கு, பால்மறந்த இளம் ஹாம்ஸ்டர். நச்சுவீரியம் மிக்க கிருமியைச் செலுத்தினால் சில நாட்களில் மடிகிறது; தடுப்பூசி காத்தால் பிழைக்கிறது. இறப்பா பிழைப்பா என்ற கணக்கு எளிது, விரைவானது, கட்டுரைக்கு வசதியானது. சினையுற்ற விலங்கைச் சேர்த்தால் கணக்கு சிக்கலாகும், செலவு ஏறும். ஆகவே பெரும்பாலான ஆய்வுகள் அதை விலக்குகின்றன. விலக்கியதை வரம்பாகக்கூடக் குறிப்பிடாத கட்டுரைகள் ஏராளம்.

கால்நடை மருத்துவர்கள் இதில் நெடுங்காலம் முன்னே நிற்கின்றனர். ஹார்ட்ஜோ வகைக் கிருமியால் மாடும், பொமோனா வகையால் பன்றியும் கரு வீசுவது அவர்களுக்குப் பாடநூல் செய்தி. ஆனால் வீசப்பட்ட கன்று பொருளாதார இழப்பு என்ற பத்தியில் எழுதப்பட்டு அங்கேயே முடிந்துவிடுகிறது. அதை அப்படியே மனிதருக்குப் பொருத்தவும் இயலாது. பசுவின் நஞ்சுக்கொடியில் தாயின் குருதிக்கும் கருவுக்கும் இடையே தாயின் திசு அடுக்குகள் உள்ளன. மனிதரில் தாயின் குருதி கருவின் திசுவையே நேரடியாகத் தொடுகிறது. கினிப்பன்றியிலும் அப்படியே, அதன் சினைக்காலமும் இரண்டு மாதத்துக்கு மேல் நீள்வது. கேள்வியைக் கேட்கத் தக்க விலங்கு இருக்கிறது, கேட்பவர்தாம் அரியர்.

விலங்கின் தேர்வு எவ்வளவு முக்கியம் என்பதை லிஸ்டீரியா கற்பித்தது. அக்கிருமியின் ஒரு புரதம் மனித உயிரணுவின் ஈ-கேட்ஹெரினைப் பற்றும். ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதால் சுண்டெலியின் ஈ-கேட்ஹெரினைப் பற்றாது. 1999இல் இது வெளிப்பட்டது. சுண்டெலியை மட்டுமே நம்பியவர்களுக்கு ஒரு வாயிலே கண்ணுக்குப் படாமல் இருந்திருக்கிறது.

சினை விலங்கை வருத்துவது இரட்டைக் கொடுமை என்பது எதிர்வாதம். அதை எளிதில் தள்ளலாகாது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் 1998இன் விதிகளும் காரணம் கேட்பது முறையே. குறைந்த எண்ணிக்கை, வலிநீக்கம், முன்கூட்டியே வகுத்த நிறுத்தப்புள்ளி ஆகியவை கட்டாயம். ஆயினும் ஆய்வகத்தில் தவிர்த்த சோதனை நின்றுவிடுவதில்லை. மருத்துவமனைப் படுக்கைக்கு இடம் மாறுகிறது. அங்கே ஒப்பீட்டுக் குழு இல்லை, பதிவேடு இல்லை, ஒப்புதலும் இல்லை. தாலிடோமைடு 1961இல் திரும்பப் பெறப்பட்டபோது உலகம் கற்றிருக்க வேண்டியது, கருவுற்ற விலங்கில் முன்னரே ஆராய வேண்டும் என்பதை. மருந்து நெறிகள் அதைக் கற்றன. தொற்றுநோய் ஆய்வு, கருவுற்றோரை ஒதுக்கினால் போதும் என்ற பாதியை மட்டும் கற்றது.

செய்யத் தக்கது பெரிதன்று. மருத்துவ ஆராய்ச்சி மையமும் மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும் ஒரே நகரில் இருக்கின்றன. கரு வீசிய ஒவ்வொரு பசுவும் ஆடும் பன்றியும் லெப்டோஸ்பைராவுக்குச் சோதிக்கப்படட்டும். அவ்விவரம் அதே ஊரின் மகப்பேற்றுப் பதிவேட்டின் அருகே வைத்துப் படிக்கப்படட்டும். புதிதாக ஒரு விலங்கையும் வருத்தாத ஆய்வு இது. அதற்கு மேலும் விடை தேவைப்படும் இடத்தில், மருந்து எந்நாளில் தொடங்கினால் கரு பிழைக்கும் என்ற ஒரே கேள்வியோடு, சினையுற்ற கினிப்பன்றியில் சிறிய ஆய்வு நடக்கட்டும். சினை விலங்கை ஏன் சேர்த்தீர்கள் என்று கேட்கும் நெறிக்குழு, ஏன் சேர்க்கவில்லை என்றும் இனிக் கேட்கட்டும். இரண்டாம் கேள்விக்கு எழுத்தில் விடை தர வேண்டி வரும் நாளில்தான் கர்ப்பிணி இந்நோயின் அறிவியலுக்குள் நுழைவாள்.