கலர் படம் மட்டும் போதுமா?

போன செமஸ்டரில் ஒரு குழாய்க்குள் வெந்நீர் ஓடுவதைக் கணினியில் சிமுலேஷன் செய்தேன். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று அழகான படம் வந்தது. "நல்லா இருக்கே!" என்று மார்க்கும் போட்டார்கள். நிஜக் குழாய் ஒன்றில் நான் தெர்மாமீட்டர் வைத்தே பார்க்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அந்த உறுத்தல்தான் இந்தக் கட்டுரை.

சரி, விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் எஸ்.என்.எஸ். என்றொரு நியூட்ரான் மையம் 2006-ல் இயங்கத் தொடங்கியது. அங்கே புரோட்டான்களை வேகப்படுத்திப் பாதரசத்தின் மேல் மோதவிட்டு நியூட்ரான்களை எடுக்கிறார்கள். மோதப்படும் அந்தப் பாதரசக் கலம்தான் டார்கெட்.

ஏன் பாதரசம்? 14 லட்சம் வாட் சக்தி கொண்ட கற்றை வந்து விழும்படிதான் முதலில் வடிவமைத்தார்கள். திடப்பொருள் என்றால் அதைக் குளிர வைக்கத் தனி ஏற்பாடு வேண்டும். பாதரசமோ தானே ஓடி, சூட்டையும் சுமந்து போய்விடும். ஓட்டம் எந்த மூலையில் தேங்கும், எங்கே சூடு ஏறும் என்பதைக் கணினியில் கணக்குப் போட்டுத்தான் எஃகுக் கலத்தை வடிவமைக்கிறார்கள். கதிர்வீச்சுக்கு நடுவே, ஒளி ஊடுருவாத திரவத்துக்குள் எட்டிப் பார்க்கவா முடியும்? இங்கே சிமுலேஷன் இல்லாமல் வேலை நடக்காது.

ஆனால் கற்றை சீராக வருவதில்லை. நொடிக்கு 60 துடிப்புகள். ஒவ்வொன்றும் ஒரு மைக்ரோ நொடிக்கும் குறைவு. அந்தக் கணத்தில் ஏறும் சூட்டால் பாதரசத்தில் அழுத்த அலை கிளம்புகிறது. அதில் குமிழிகள் தோன்றி உடையும்போது எஃகுச் சுவரில் குழி விழுகிறது. சீரான ஓட்டம், சராசரி வெப்பம் என்று மட்டும் போடும் கணக்கில் இந்தக் குழி தெரியாது. மென்பொருள் பொய் சொல்லவில்லை. நாம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் குழிகளை முதலில் காட்டியது சோதனைதான். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2000-வாக்கில் பாதரசத்தை உலோகக் கம்பியால் இடித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். எஸ்.என்.எஸ்.-இன் முதல் டார்கெட்டை 2009-ல் கழற்றி, துண்டு வெட்டிப் பார்த்தபோது அங்கேயும் உள்சுவரில் குழிகள்.

பிறகு சுவரை ஒட்டிப் பாதரசம் வேகமாக ஓடும்படி கலத்தை மாற்றினார்கள். 2017 முதல் சின்னச் சின்ன ஹீலியம் குமிழிகளையும் உள்ளே விட்டார்கள். அவை அழுத்த அலைக்கு மெத்தை மாதிரி. இதற்கும் சிமுலேஷன் உதவியது. ஆனால் கலத்தின் மேல் ஒளியிழை உணரிகளை ஒட்டி, எஃகு எவ்வளவு இழுபடுகிறது என்று அளந்தும் பார்த்தார்கள். ஹீலியம் விட்டதும் இழுபடுவது குறைந்தது. எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

என் கருத்து இதுதான்: சிமுலேஷன் தீர்ப்பு அல்ல, சாட்சி. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் தீர்ப்பு எழுதக்கூடாது. நம் வகுப்பில் எந்த ப்ராஜெக்ட்டிலும் ஒரே ஒரு அளவீடாவது இல்லாவிட்டால் மார்க் போடக்கூடாது என்பேன்.

முதலில் மார்க் போவது எனக்குத்தான். பரவாயில்லை, தெர்மாமீட்டர் வாங்கிவிட்டேன்!