உயர்த்திய பிக்கப்பில் ஸ்டீயரிங் ஏன் கோணுகிறது?

'மலைத் தோட்டத்துப் பாதையில் அடி தட்டுகிறது என்று எங்கள் பிக்கப்புக்கு முன்னும் பின்னும் பட்டை சேர்த்து உயர்த்தினோம். அன்றிலிருந்து வண்டி நேராக ஓடும்போது ஸ்டீயரிங் இடப்பக்கம் கோணியே நிற்கிறது. கழற்றி நேராக மாட்டிவிட்டால் போதும் என்கிறார் மெக்கானிக். அப்படிச் செய்யலாமா?'

- ஒட்டன்சத்திரம் வாசகர் ஒருவர்.

செய்யக் கூடாது. அப்படி மாட்டினால் பார்வைக்கு நேராகிவிடும். கோணல் அப்படியே கீழே இருக்கும். ஸ்டீயரிங் பெட்டிக்கு என்று ஒரு நடு இடம் உண்டு. அதன் பற்கள் ஆட்டமில்லாமல் இறுக்கமாகக் கவ்வுவது அந்த இடத்தில்தான். சக்கரம் நேராக இருக்கும்போது பெட்டியும் நடுவில் இருக்க வேண்டும். மேலே இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பி மாட்டினால், பெட்டி நடுவை விட்டு விலகிய நிலையிலேயே நாள் முழுக்க வேலை செய்யும். ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் ஒடியும். கொண்டை ஊசி வளைவில் அந்தக் குறைவு தெரியும்போது யோசிக்க நேரம் இருக்காது. வாசகரின் வண்டி சௌசௌ மூட்டைகளோடு வாரம் மூன்று நாள் வடகாடு மலைச்சாலையில் இறங்குகிற வண்டி.

கோணல் வந்த காரணம் எளிது. இந்த வண்டியில் முன்பக்கம் ஒரே ஆக்சில், அதன்மேல் பட்டை. ஸ்டீயரிங் பெட்டி சேஸிஸில் இருக்கிறது, சக்கரம் ஆக்சிலில் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது டிராக் லிங்க் என்ற கம்பி. சில வண்டிகளில் இது குறுக்காகப் போகும், சிலவற்றில் நெடுக்காக. பட்டை சேர்த்ததும் சேஸிஸ் மேலே போகிறது, ஆக்சில் இருந்த இடத்திலேயே நிற்கிறது. கம்பி முன்பைவிடச் சரிந்து நிற்கும். சுவரில் சாய்த்த ஏணியை நிமிர்த்தினால் அதன் கால் சுவரை நோக்கி வருமே, அதைப் போல இங்கேயும் கம்பியின் கிடைமட்ட எட்டம் குறைகிறது. அந்தக் குறை ஸ்டீயரிங்கில் கோணலாகத் தெரிகிறது.

ஆனால், கம்பியில் கை வைக்கும் முன் பார்க்க வேண்டியவை உண்டு. நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கிறதா? சோதித்த சாலை மட்டமானதா? நம் சாலைகள் மழைநீர் வடிய ஓரத்துக்குச் சரித்தே போடப்படுகின்றன. இடப்பக்கமாக ஓட்டும்போது வண்டி லேசாக இடப்பக்கம் இழுப்பது இயல்பு. அதை வண்டியின் குறை என்று நினைத்துக் கம்பியைத் திருகியவர்கள் உண்டு.

அடுத்தது பின் ஆக்சில். இதைப் பலரும் பார்ப்பதே இல்லை. முன்சக்கரங்களை நேராக வைத்து, முன் ஹப்பின் மையத்திலிருந்து பின் ஹப்பின் மையம் வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளக்கச் சொன்னதும், வாசகர் வீட்டு வாசலிலேயே அளந்தார். வலப்பக்கம் 2 செ.மீ. குறைவு! பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை, ஆக்சில் மேல் உள்ள குழியில் உட்கார வேண்டும். புதுப் பட்டை போட்ட அவசரத்தில் அது குழிக்கு வெளியே நிற்க, அப்படியே யூ போல்ட்டை இறுக்கியிருக்கிறார்கள். வலது பின்சக்கரம் முன்னே வந்துவிட்டதால் பின் ஆக்சில் இடப்பக்கம் பார்த்து நிற்கிறது. வண்டி வலப்பக்கம் திரும்பப் பார்க்கிறது. அதைத் தடுக்க ஓட்டுகிறவர் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் பிடித்தே ஓட்ட வேண்டும். பின்னால் இருந்து பார்த்தால் வண்டி நாய் ஓடுவது போல ஒருக்களித்துப் போகும்.

யூ போல்ட்டைத் தளர்த்தி, ஆக்சிலைக் குழியில் சரியாக உட்காரவைத்து இறுக்கிய பிறகு, பாதிக்கு மேல் கோணல் போய்விட்டது. ஸ்டீயரிங்கை மட்டும் நேராக்கி மாட்டியிருந்தால் இந்தத் தவறு டயர் தேய்ந்து தீரும் வரை வெளியே தெரிந்திருக்காது.

மீதிக் கோணலுக்குத்தான் டிராக் லிங்க். அதற்கு முன் வீல் அலைன்மென்ட் கடையில் டை ராடு மூலம் முன்சக்கரங்களின் 'டோ' அளவைச் சரிசெய்ய வேண்டும். டை ராடு வேறு, டிராக் லிங்க் வேறு. ஸ்டீயரிங்கை நடுவுக்குக் கொண்டுவர டை ராடைத் திருகினால் டயரின் ஓரம் ரம்பப் பல் போலத் தேயும்.

டோ சரியானதும் வண்டியை மட்டமான தரையில் நேராக ஓட்டி வந்து நிறுத்துங்கள். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியைத் திருப்பி ஸ்டீயரிங் லாக்கை விடுவியுங்கள். டிராக் லிங்க்கில் இரண்டு கிளாம்ப் உள்ள குழாய் இருக்கும். கிளாம்ப்களைத் தளர்த்திக் குழாயைத் திருகினால் கம்பி நீளும் அல்லது குறையும். எந்தப் பக்கம் திருகினால் ஸ்டீயரிங் நடுவுக்கு வருகிறதோ, அந்தப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, ஓட்டிப் பார்த்து, மறுபடி திருகுங்கள். முடிந்ததும் கிளாம்பை இறுக்க மறக்கக் கூடாது. குழாய் இல்லாத மாடலில் பால் ஜாயின்ட்டைக் கழற்றித்தான் நீளத்தை மாற்ற முடியும். திரும்ப மாட்டும்போது புது ஸ்பிளிட் பின் போட வேண்டும். பழையதை நிமிர்த்திப் போடக் கூடாது.

மரை போதிய அளவு உள்ளே பிடிக்காமல் வெளியே தெரிந்தாலோ, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது பால் ஜாயின்ட் முட்டிக்கொண்டு நின்றாலோ, வண்டியை அளவுக்கு மீறித் தூக்கியிருக்கிறார்கள் என்று பொருள். பள்ளத்தில் சக்கரம் விழும்போதெல்லாம் ஸ்டீயரிங் கையைப் பிடித்து வெட்டுவதும் அதனால்தான். இப்படியானால் ஒரு பட்டையைக் கழற்றுவது நல்லது. கீழ்நோக்கி நீண்ட டிராப் ஆர்ம் மாட்டுவது இன்னொரு வழி. ஆனால், கண்ட இடத்தில் வெல்டிங் வைத்து நீட்டியதை மாட்டவே கூடாது.

முன்பக்கம் இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் வகை வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த முறை பொருந்தாது. அங்கே இடது, வலது டை ராடு இரண்டையும் சம அளவில், ஒன்றை நீட்டி மற்றதைக் குறைக்க வேண்டும். அலைன்மென்ட் மெஷினில் வைத்துச் செய்வதே சரி.

பட்டை சேர்த்ததால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடை அளவு கூடாது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதை 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கேட்கும்போது இந்த விஷயம் கிளம்பலாம். அதனால் உயர்த்தும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

யூ போல்ட்கள் முதல் சில லோடுகளில் தளரும். ஒட்டன்சத்திரம் வாசகர் ஒரு வாரம் கழித்து ஸ்பானர் போட்டுப் பார்த்தபோது நான்கில் மூன்று அரைச் சுற்று இறங்கின.