யாருடைய ஏப்பிரல் ஐந்து?

1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறு. அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த யப்பானிய விமானங்கள் காலை வேளையிற் கொழும்பைத் தாக்கின. அன்றே தென்கடலில் டோர்செட்ஷயர், கோர்ன்வால் என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல்கள் இரண்டும் 424 பேரைப் பலிகொடுத்து மூழ்கின. நான்கு நாட்களின் பின் திருகோணமலை தாக்கப்பட்டது. ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் அமிழ்ந்தது.

அந்நாளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இவ்வளவுடன் நின்றுவிடுகின்றனர். கப்பல்களுக்குப் பெயருண்டு, தளபதிகளுக்குப் பெயருண்டு. அந்நாளில் இந்நாட்டு மக்கள் எங்கே இருந்தனர் என்று நாம் கேட்கிறோம்.

பிரித்தானியா நம்மைக் காத்தது என்பர் ஒரு சாரார். மக்கள் 1936இல் அரசாங்க சபைக்குத் தேர்ந்தெடுத்த என். எம். பெரேராவும் பிலிப் குணவர்த்தனாவும் அந்த ஞாயிறன்று கண்டிச் சிறையில் இருந்தனர். கொல்வின் ஆர். டி சில்வாவும் உடனிருந்தார். அவர்கள் 1940இற் கைதாகி, வழக்கு விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்கள். இரு நாட்களின் பின் அவர்கள் சிறையிலிருந்து தப்பினர். மக்கள் பிரதிநிதிகளைப் பூட்டிவைத்துக்கொண்டு சுதந்திரத்துக்காகப் போர் புரிவதாகக் கூறிய ஆட்சி எதனைக் காத்தது? முழுச் சுயாட்சி தராத சபை வேண்டாமென்ற யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் குரலை ஏற்று, 1931இல் ஊர்காவற்றுறைத் தொகுதி தேர்தலைப் பகிஷ்கரித்தது. அத்தகைய மக்களிடம் போரில் இறங்குவதற்கு எவரேனும் சம்மதம் கேட்டனரா?

யப்பான் ஆசியாவை விடுவிக்க வந்தது என்பர் மறு சாரார். கொழும்பில் அந்த விடுதலையின் குண்டு அங்கொடை மனநோய் மருத்துவமனையின் மீதும் விழுந்தது. நம் ஊரவர் எழுதுவினைஞராய்ச் சென்று வாழ்ந்த மலாயாவிலிருந்து தமிழ்த் தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் சீயம்–பர்மா புகையிரதப் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பசியாலும் வாந்திபேதியாலும் அங்கே மடிந்தோர் எண்ணற்றோர்.

பாசிசம் தோற்கடிக்கப்படவேண்டியதே; அதில் நமக்கு ஐயமில்லை. ஆயின், பாசிசத்தின் குற்றம் ஏகாதிபத்தியத்துக்கு நற்சான்று ஆகிவிடாது.

குண்டு விழாத தீவகத்துக்கும் போர் வந்தது. உலைப்பானையின் வழியே வந்தது. 1942 மார்ச் 8ஆந் திகதி ரங்கூன் வீழ்ந்ததும் பர்மா அரிசி நின்றது. நீரற்ற நெடுந்தீவும் நயினாதீவும் இறக்குமதி அரிசியை நம்பியவை. பங்கீட்டரிசி போதாத வீட்டில் ஒடியற்கூழே உயிர் காத்தது. அந்தக் கூழுக்கு எந்தப் போர் வரலாற்றில் இடமுண்டு?

இது பழங்கதையன்று. 1985 மே 15ஆந் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் வழிமறிக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். கடலை ஆள்வது யார் என்பதே வரலாறு என்று கற்பிப்போமாயின், அக்கடலிற் படகேறும் மக்கள் என்றும் கணக்கில் வராதவராகவே இருப்பர்.

ஆசிரியர்களே, மாணவர்களே! 1942ஐப் பிள்ளைப் பருவத்திற் கண்டோருள் எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. அவர்களிடம் செல்வோம். கப்பல்களின் பெயரை ஏடுகள் காத்துக்கொள்ளும். அந்த ஆண்டில் அடுப்பு எவ்வாறு எரிந்தது, எத்தனை நாள் எரியாதிருந்தது என்பதை நாமே எழுதவேண்டும்.