பின்னால் எஞ்சின், முன்னால் கவலை

கலிபோர்னியாவில் ட்யூன் பக்கி வைத்திருப்பவர்கள் அதற்குச் செலவு செய்யும் வரிசை பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் எஞ்சின். அடுத்தது டயர். அப்புறம் பெயிண்ட், சீட், விளக்கு. பிரேக்கின் முறை கடைசியில்தான் வருகிறது. சிக்னலில் நிற்க வேண்டிய வண்டி, சிக்னலைத் தாண்டிப் போய் நின்ற மறுநாள்.

ட்யூன் பக்கி என்பது மணல்மேடுகளில் ஏறி இறங்குவதற்கான வண்டி. கூரை கிடையாது, கதவு கிடையாது. முன்னால் ஒடிசலான டயர், பின்னால் பருத்த டயர். மணலில் பின் சக்கரங்கள் பிடிப்போடு உந்த வேண்டுமென்றால் அவற்றின் மேல் பாரம் இருக்க வேண்டும். முன் சக்கரங்கள் புதையாமல் மிதந்துபோக வேண்டுமென்றால் அங்கே பாரம் குறைவாக இருக்க வேண்டும். பின்புறம் எஞ்சின் வைத்த ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார், இந்த வேலைக்கென்றே பிறந்தது போல அமைந்துவிட்டது.

அதை முதலில் அழகாகப் பயன்படுத்திக் காட்டியவர் ப்ரூஸ் மேயர்ஸ். ஃபைபர் கிளாஸில் படகு கட்டிப் பழகிய இவர், 1964ல் நியூபோர்ட் பீச்சில் ஒரு தொட்டி போன்ற ஃபைபர் கிளாஸ் உடலைச் செய்து, அதில் பீட்டிலின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பொருத்தினார். மேயர்ஸ் மேங்க்ஸ் பிறந்தது. பிறகு செலவைக் குறைக்க, பழைய பீட்டிலின் சேஸிஸையே சுமார் 36 செ.மீ. வெட்டிக் குறுக்கி, அதன் மேல் உடலை உட்கார வைக்கும் முறை வந்தது. 1967ல் மேயர்ஸும் டெட் மேங்கல்ஸும் மெக்ஸிகோவின் லா பாஸிலிருந்து டிஹுவானா வரை 34 மணி 45 நிமிடத்தில் ஓட்டி வந்து, மோட்டார் சைக்கிள்காரர்கள் வைத்திருந்த சாதனையை முறியடித்தார்கள். அதன் பிறகு பக்கி மோகம் பற்றிக்கொண்டது. மேயர்ஸின் கம்பெனி சுமார் 6,000 உடல்களை விற்றது. வடிவத்துக்கான காப்புரிமை வழக்கில் அவர் தோற்றுப் போக, அவரைக் காப்பியடித்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு விற்றார்கள்.

விற்றதெல்லாம் உடல்கள்தான். சேஸிஸை வெட்டி, ஒட்டி, வண்டியாக்கியது வாங்கியவர்கள், தங்கள் வீட்டு கராஜில். பிரேக் பற்றிய கவலை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பீட்டிலின் நாலு சக்கரங்களிலும் டிரம் பிரேக். 1960களின் தொடக்கத்தில் வந்த 1200 சிசி எஞ்சினின் சக்தி 34 குதிரைத் திறன். அந்த சக்திக்கு அந்த பிரேக் சரியாகவே இருந்தது. ஆனால் பக்கிக்காரர்கள் அதே இடத்தில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு சக்தியுள்ள எஞ்சினை ஏற்றுகிறார்கள். "வண்டிதான் லேசாகிவிட்டதே, பழைய பிரேக்கே போதும்" என்பது இவர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். அதில் பாதி உண்மை இருக்கிறது.

மீதிப் பாதியைக் கணக்கு சொல்லும். ஓட்டுநரோடு 650 கிலோ எடையுள்ள பக்கி மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும்போது அதிலுள்ள ஆற்றல், முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அவசரமாகப் பிரேக் போட்டால், நாலைந்து விநாடிக்குள் அவ்வளவு சூட்டையும் பிரேக்குகள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். வேகம் இரட்டித்தால் சூடு நாலு மடங்கு. எடை குறைந்ததால் கிடைத்த லாபத்தை, கூடிய வேகம் தின்றுவிடுகிறது. டிரம் சூடாகும்போது விரிந்து, உள்ளே இருக்கும் ஷூவை விட்டு விலகுகிறது. பெடல் கீழே கீழே போகிறது. ஷூவின் லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழக்கிறது. தண்ணீரில் இறங்கி ஏறினால் நனைந்த டிரம் கொஞ்ச நேரம் பிடிக்காது. உள்ளே புகுந்த மணல் லைனிங்கை அரைத்துக்கொண்டிருக்கும்.

டிஸ்க் பிரேக்கில் இந்தத் தொல்லைகள் குறைவு. தட்டு வெளியே காற்றில் இருக்கிறது. சீக்கிரம் ஆறுகிறது, சீக்கிரம் காய்கிறது. ஆகவே பிரேக்கை மேம்படுத்துவது என்றதும் எல்லோருக்கும் தோன்றுவது, முன் சக்கரங்களுக்கு டிஸ்க். உதிரி பாகமும் சுலபமாகக் கிடைக்கிறது. பீட்டிலின் உறவுக்காரக் காரான கார்மன் கியாவுக்கு 1967 மாடலிலிருந்து முன் டிஸ்க் வந்தது. 1966 முதல் வந்த பீட்டிலின் முன் ஆக்ஸிலில் அதைப் பொருத்துவது பெரிய வித்தை இல்லை. பிரேக்கின் பெரும்பங்கு வேலையைச் செய்வது முன் சக்கரம்தானே என்று கேட்பார்கள்.

சாதாரணக் காரில் அது சரி. பஸ்ஸில் டிரைவர் பிரேக் போட்டதும் நிற்கிற பயணிகள் முன்னால் சரிவது போல, வண்டியின் பாரமும் முன் சக்கரங்களுக்குச் சரிகிறது. முன்னால் எஞ்சின் உள்ள 1,000 கிலோ கார் ஒன்றில் நிற்கும்போது 600 கிலோ முன்னால், 400 கிலோ பின்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பலமாகப் பிரேக் போடும்போது அது ஏறக்குறைய 750க்கு 250 ஆகிவிடும். முன் பிரேக்குக்கு முக்கால் பங்கு வேலை.

பக்கியின் கதை வேறு. 650 கிலோவில் முன்னால் 250தான், பின்னால் 400. நல்ல ரோட்டில் அதே பலத்தோடு பிரேக் போட்டால் முன்னால் 360, பின்னால் 290 என்று வரும். ஏறக்குறைய பாதிக்குப் பாதி. மணலில் அவ்வளவு பலமாகப் பிரேக் பிடிக்கவே வழியில்லை. அங்கே முன்னால் 300, பின்னால் 350. பாரம் கடைசிவரை பின்னால்தான் இருக்கிறது. வண்டிக்கு வண்டி இந்த எண்கள் கொஞ்சம் மாறினாலும் போக்கு மாறாது.

இதோடு டயர் ஒரு சூழ்ச்சி செய்கிறது. பீட்டிலின் டயர் சுமார் 65 செ.மீ. உயரம். பக்கியின் பின்னால் 79 செ.மீ. டயரை மாட்டினால், அதே பிரேக் அதே திருகு விசையைக் கொடுத்தாலும், தரையில் கிடைக்கும் பிடிப்பு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். டயர் பெரிதாகும்போது பிரேக் சிறிதாகிறது. பாரம் அதிகமுள்ள பின்புறத்தில் பிரேக் இப்படி இளைத்திருக்க, பாரம் குறைந்த முன்புறத்தில் டிஸ்க் மாட்டினால் என்ன ஆகும்? கால் வைத்ததும் ஒடிசலான முன் சக்கரங்கள் லாக் ஆகும். லாக் ஆன சக்கரத்துக்குத் திரும்பத் தெரியாது. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி நேராகவே போகும். அதிகப் பணம் போட்டு வாங்கிய பிரேக்கால், வண்டி நிற்கும் தூரம் முன்பைவிடக் கூடிவிடுவதும் உண்டு.

மணலில் இது இன்னும் மோசம். அங்கே நிற்பதற்கு பிரேக் அதிகம் தேவைப்படாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மணல் வண்டியைப் பிடித்துவிடும். தேவைப்படுவது திரும்புவது. கலிபோர்னியாவின் தென்கிழக்கிலுள்ள அல்கோடோனஸ் மணல்மேடுகளில் ஒவ்வொரு வண்டியும் தரையிலிருந்து 8 அடி உயரத்தில் கொடி கட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது விதி. மேட்டின் அந்தப் பக்கம் ஏறி வருகிற வண்டியை அந்தக் கொடிதான் காட்டிக்கொடுக்கும். கொடி தெரிந்த கணத்தில் முன் சக்கரங்கள் லாக் ஆகி ஏர்க்கலப்பை போல மணலை உழுதுகொண்டிருந்தால், விலக வழியே இல்லை. அனுபவசாலிகள் சிலர் இரண்டு பின் சக்கரங்களுக்கும் தனித்தனியாக பிரேக் கொடுக்கும் கைப்பிடிகளை ஓட்டுநர் பக்கத்தில் வைத்துக்கொள்வது இதனால்தான். இடது சக்கரத்தை மட்டும் பிடித்தால் வண்டி இடப்பக்கம் சுழன்று திரும்பும். பக்கிக்குப் பின் பிரேக், பாதி ஸ்டியரிங்.

அப்படியானால் எங்கிருந்து ஆரம்பிப்பது? செலவு குறைந்த இடத்திலிருந்து. பீட்டிலின் டிரம் பிரேக்கை அவ்வப்போது கையால் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும், தானாகச் சரியாகாது. புது ஷூ, புது வீல் சிலிண்டர், புது ரப்பர் ஹோஸ் போட்டு ஒழுங்காக அட்ஜஸ்ட் செய்த பிறகு, வண்டிக்கு வேறெதுவும் தேவையில்லை என்று பலருக்குத் தெரிய வரும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிவிட்டால் அது 140 டிகிரி வரை இறங்கிவிடும். கொதித்த ஆயிலில் ஆவி சேரும். பெடல் பஞ்சு போல அமுங்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது.

அடுத்தது மாஸ்டர் சிலிண்டர். அமெரிக்காவுக்கு வந்த பீட்டில்களில் 1967 மாடலுக்கு முந்தியவற்றில் நாலு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் சுற்று. ஒரு ஹோஸ் கிழிந்தால் மொத்த பிரேக்கும் போச்சு. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சுற்றுள்ள மாஸ்டர் சிலிண்டரை மாற்றுவதுதான் எந்த டிஸ்க்கையும்விட முக்கியமான மேம்பாடு. சேஸிஸை வெட்டியபோது பிரேக் குழாயையும் வெட்டி ஒட்டுப் போட்டிருந்தால், அதையும் தூக்கி எறிந்துவிட்டு முழு நீளப் புதுக் குழாய் போட வேண்டும்.

அதற்கு மேலும் வேண்டுமென்றால், முதலில் பின்புறத்தைக் கவனிக்க வேண்டும். ஃபோக்ஸ்வாகனின் டைப் 3 கார்களின் பெரிய பின் டிரம்கள் பலருக்கும் போதும். டிஸ்க்தான் வேண்டுமென்றால் நாலு சக்கரத்துக்கும் போடுவது, முன்னால் மட்டும் போடுவதைவிட மேல். ஆனால் கடையில் விற்கும் பின் டிஸ்க் செட்டுகள் சிலவற்றில் ஹேண்ட் பிரேக் கிடையாது. பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிட வேண்டிய விஷயம் அது. சரிவில் நிறுத்திய வண்டி தானாக உருளும்போது கேட்டுப் பயனில்லை. 1967 வரை ஐந்து போல்ட், 1968 முதல் நாலு போல்ட் என்று பீட்டிலின் சக்கரங்களும் மாறியிருப்பதால், அதையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

டிஸ்க் போட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளும் பார்க்க வேண்டும். டிரம் பிரேக்குக்கு, காலை எடுத்த பிறகும் குழாயில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் சின்ன வால்வு அதில் இருக்கும். அதே வால்வு டிஸ்க் சுற்றில் இருந்தால் பேட் தட்டை விடாமல் உரசிக்கொண்டே வரும். டிஸ்க்குக்கு அதிக ஆயில் வேண்டும் என்று பெரிய சிலிண்டருக்குப் போனால் பெடல் கெட்டியாகும். உள் விட்டம் 19 மி.மீ.யிலிருந்து 21 மி.மீ. ஆனால், அதே அழுத்தத்துக்குக் காலால் 22 சதவீதம் அதிகமாக மிதிக்க வேண்டும். மிதிக்கிற காலுக்கு உதவ இந்த வண்டிகளில் பூஸ்டர் கிடையாது.

முன், பின் பிரேக்கின் விகிதத்தைச் சரிசெய்யத் திருகு வால்வுகள் கிடைக்கின்றன. அவற்றால் அழுத்தத்தைக் குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. சாதாரணக் காரில் அது பின் குழாயில் இருக்கும். முன் சக்கரம் முந்தி லாக் ஆகும் பக்கியில் அதை முன் குழாயில் வைக்க வேண்டியிருக்கும். மற்ற கார்களைப் பார்த்துப் பழகிய மெக்கானிக்குக்கு இது தலைகீழாகத் தெரியும்.

கடைசியில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரு சோதனை. ஆள் நடமாட்டமில்லாத அகலமான இடம், 40 கி.மீ. வேகம், பக்கவாட்டில் பாதுகாப்பான தூரத்தில் நின்று பார்க்க ஒரு நண்பர். எந்தச் சக்கரம் முதலில் லாக் ஆகிறது என்று அவர் சொல்ல வேண்டும். ரோட்டில் பின் சக்கரம் முந்தினால் வண்டி சுழன்றுவிடும். முன் சக்கரம் வெகுவாக முந்தினால் திரும்பாது. முன் சக்கரம் மயிரிழை முந்தி, பின் சக்கரம் அதை ஒட்டியே வந்தால் சரி. பிறகு இதே சோதனையை மணலிலும் செய்து பார்க்க வேண்டும்.

மேயர்ஸ் 2021ல், 94 வயதில் காலமானார். 1960களில் யார் யாரோ தங்கள் கராஜில் வெட்டி ஒட்டிய சேஸிஸ்கள் இன்னும் கைமாறி ஓடிக்கொண்டிருக்கின்றன. கம்பெனிக் காருக்கு இந்தக் கணக்கையெல்லாம் என்ஜினியர்கள் போட்டுவிடுகிறார்கள். பக்கிக்கு அதை வைத்திருப்பவர்தான் போட வேண்டும். போட்டாரா இல்லையா என்று பக்கத்து சீட்டில் ஏறி உட்காருகிறவருக்குத் தெரியாது.